கழிப்பை மிதித்தவள்

1

போன வெள்ளிக்கிழமை ஒரு பூசணிக்காய் என் வயிற்றைப் புரட்டிவிட்டது. நான் மருத்துவச்சி. ரத்தம், நஞ்சுக்கொடி, சீழ் எல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வயிறாரச் சோறு சாப்பிடுகிறவள். இந்தப் பினாங்குப் பட்டணத்தில் தமிழர் வீட்டுக் குழந்தைகளில் பாதி என் கையில்தான் வந்து விழுந்தன. அப்படிப்பட்டவள் ஒரு மளிகைக்காரர் வீட்டு வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அந்த வீட்டில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தை இருந்தது. அதைக் குளிப்பாட்டத்தான் தினமும் போகிறேன். நிலைப்படிக்கு மேலே, கயிற்று உறியில், குடிவந்த அன்று கட்டிய திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளும் குங்குமமும் பூசி, கண்ணும் மீசையும் எழுதிய காய். இப்போது கண் எது மீசை எது என்று தெரியவில்லை. அடிப்பக்கம் பொத்துக்கொண்டு கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது. படிக்கல் முழுக்க ஈ. பக்கத்தில் கம்பியில் கோத்த எலுமிச்சம்பழமும் மிளகாயும், தலைகீழாகக் கட்டிய கற்றாழை, வேப்பங்கொத்து என்று வரிசையாகத் தொங்கின. ஒரு சிசுவைக் காக்க இத்தனை காவல். அத்தனையும் அழுகல்.

"இதை எடுத்துப் போடுங்கள்" என்று தினமும் சொல்லிப் பார்த்துவிட்டேன். முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டரும் வந்து இங்கிலீஷில் ஒரு நோட்டீசு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை என்னிடம்தான் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வீட்டு வாசலில் அழுகும் பொருளை அகற்றாவிட்டால் அபராதம் என்று இருந்தது. வாசித்துச் சொன்னேன். மளிகைக்காரர் தலையைச் சொறிந்தார். காயை யார் இறக்குவது என்பதுதான் அவருடைய கவலை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காய் எத்தனை அழுகுகிறதோ அத்தனை கண்ணை அது வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி அழுகியதைத் தொடுகிறவன் மேல் அது ஏறிக்கொள்ளும். சுற்றிப்போட்டுக் கழித்த எதற்கும் இதுதான் சட்டம். அதனால்தான் அதற்குக் கழிப்பு என்றே பேர். தெருக்கூட்டும் தமிழரைக் கேட்டார்களாம். "எனக்கும் புள்ளைங்க இருக்குங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாராம். சீன ரிக்‌ஷாக்காரர் மோப்பம் பிடித்துப் பார்த்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டாராம்.

கடைசியில் மளிகைக்காரரின் தாயார் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"நர்ஸம்மா, தப்பா நினைக்கக் கூடாது. உங்க அம்மா மயிலாப்பூர்ல இருக்கும்போது இதையெல்லாம் ஏத்துக்கறவங்களாமே. நம்ம கணக்கப்பிள்ளை அந்த ஊர்க்காரர்தானே, கோயில்ல பார்த்ததும் அடையாளம் கண்டுபிடிச்சிட்டார். நாளைக்குக் காலைல ரிக்‌ஷா அனுப்பறோம். வந்து இறக்கி, ஒரு மிதி மிதிச்சிட்டுப் போகட்டும். கையில வாங்கிக்கிறதுக்கு என்ன வேணுமோ செய்யறோம்."

காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

2

என் அம்மா காசியம்மா மீன்காரி. ஊரூர் குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் ஏற்றினால் அடையாற்றுப் பாலம் தாண்டி, மந்தைவெளி வழியாக மயிலாப்பூர் வந்துதான் இறக்குவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சின்னக் கூடையோடு நானும் பின்னால் ஓடுவேன். முதலியார் வீடுகள், நாயுடு வீடுகள் எல்லாம் அவளுக்கு வாடிக்கை. செவுளைத் தூக்கிக் காட்டி, சத்தியம் செய்து, சண்டை போட்டு, அதே வாயால் வீட்டுக்காரியின் மகள் கல்யாணத்தையும் விசாரித்துவிட்டு வருவாள்.

லஸ் பக்கத்தில் ஒரு வக்கீல் முதலியார் வீடு. ஒரு வருஷம் அவர்கள் புதிதாக மோட்டார் வாங்கியிருந்தார்கள். மயிலாப்பூரே வேடிக்கை பார்க்கப் போனது. ஆயுத பூஜை அன்று அந்த மோட்டாருக்கும் சேர்த்து, வியாதியாகக் கிடந்த அவர்கள் பிள்ளைக்கும் சேர்த்து, பெரிய பூசணிக்காயாகச் சுற்றி வாசலில் போட்டு உடைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் நாங்கள் போனபோது குங்குமம் கலந்த சதை கேட்டுக்கு முன்னால் கல் பாவிய இடமெல்லாம் வழவழவென்று கிடந்தது. கூட்டித் தள்ள ஒருத்தருக்கும் மனசில்லை. கழிப்பாயிற்றே.

அம்மா தலையில் கூடையோடு அதில் கால் வைத்தாள். சறுக்கி விழுந்தாள். கணுக்கால் மடங்கி முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மேலெல்லாம் சங்கராவும் நெத்திலியும் சிதறிக் கிடந்தன. அவள் புடவையில் சிவப்பு அப்பியிருந்தது ரத்தமா குங்குமமா என்று தெரியாமல் நான் அலறினேன்.

கூட்டம் கூடிவிட்டது. நல்ல மனிதர்கள்தான் எல்லோரும், கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்கள். சுற்றி நின்றார்கள். ஒருவர் கையையும் நீட்டவில்லை.

"தொடாதீங்க, கழிப்பு மேல விழுந்துகீறா" என்று யாரோ சொன்னதும் வட்டம் இன்னும் பெரிதாயிற்று. ஒரு ஜட்காக்காரர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "குதிரைக்கு ஆகாது, நைனா" என்று ஓட்டிக்கொண்டு போனார். வக்கீல் சம்சாரம் மாடியிலிருந்து பார்த்தார். "அடப்பாவமே" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். இறங்கி வரவில்லை.

சாந்தோமிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு மீன்காரப் பெண்கள்தான் கடைசியில் தூக்கினார்கள். மாதா கோயில்காரர்கள். தூக்குவதற்கு முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கும் பயம்தான்.

மயிலாப்பூரின் பக்தியைப் பற்றி இங்கே யாராவது கண் கலங்கப் பேசினால் எனக்கு அந்த வட்டம்தான் ஞாபகம் வரும். இத்தனை வருஷம் கழித்தும் அந்த அருவருப்பு குறையவில்லை.

3

கால் கூடிவிட்டது. கொஞ்சம் விந்தினாலும் கூடை தூக்கினாள். ஆனால் மீன் விற்கவில்லை. "இன்னைக்கு வேணாம் காசியம்மா, விரதம்" என்றார்கள். நாள் தவறாமல் எல்லா வீட்டிலும் விரதம். கடைசியில் ஒரு நாயுடு வீட்டு அம்மாள்தான் நேராகச் சொன்னார்: "உன் மேல வக்கீல் வூட்டுது கீதுன்னு சொல்றாங்க. நீ தொட்ட மீன எப்படி துன்றது, நீயே சொல்லு." கூடை மீனைத் திரும்பச் சுமந்துவந்து கருவாடு போட்டோம். அந்தக் கருவாடும் விற்கவில்லை.

இதற்குள் வக்கீல் வீட்டுப் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டான். அம்மா விழுந்த வாரத்திலேயே ஜுரம் விட்டதாம். வைத்தியம் பார்த்த டாக்டரை மறந்துவிட்டார்கள். வக்கீல் சம்சாரம் ஆள்விட்டு அம்மாவை அழைத்தார். நானும் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"காசியம்மா, நீ வாங்கிக்கிட்டதுலதான் எங்க புள்ள பொழைச்சான். இப்ப பொண்ணுக்கு ஒடம்பு சுகமில்ல. வந்ததே வந்தே, இந்தப் பழத்தையும் மிதிச்சிட்டுப் போயிடு" என்றார். முகத்தில் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

வாசற்படிக்கு வெளியே குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். இடது குதிகாலால் நசுக்க வேண்டும். பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. கொடுப்பதைத் தட்டில் வைத்து எட்டி நகர்த்துவார்கள், எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவள் நாலடி வைப்பதற்குள் பின்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அம்மா விந்தி விந்தி நடந்தாள். நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன், கதவு சாத்தியிருந்தது.

அப்புறம் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டது. மீன் வாங்க மாட்டோம் என்றவர்கள்தான் பெரும்பாலும். குளத்தங்கரைத் தெருவில் ஒரு வீடு. மீன் நாற்றம் என்று எங்களை எதிர்ச்சாரியில் நடக்கச் சொல்லுவார்கள். அந்த வீட்டு மாமியும் ஆள் அனுப்பினார். "ஆத்துல கொழந்தைக்கு மாந்தம் மாதிரி இருக்கு. வாசல் பக்கமா வராதே, கொல்லையால வந்துண்டு, கொல்லையாலயே போயிடு" என்றார். அங்கே எலுமிச்சம்பழத்தோடு வேப்பிலையும் இருந்தது. சாமிக்குச் சாத்துகிற பழம், அம்மனுக்கு உகந்த இலை. அவற்றைக் கையில் எடுக்கிறபோது கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அப்புறம் இன்னொருத்தி காலுக்குக் கீழே வைக்கிறார்கள். தெய்வம் எந்த இடத்தில் அதைவிட்டு இறங்கிக்கொள்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வரும்படியில்தான் நான் படித்தேன். புத்தகம், ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் படிப்பு, வெள்ளைப் புடவை, காலுக்கு ஷூ எல்லாம் அம்மாவின் இடது குதிகாலிலிருந்து வந்தவை. அந்தக் குதிகாலில் எந்நேரமும் எலுமிச்சம்பழ வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்காது. இன்றுவரை வீட்டில் ஊறுகாய்கூடப் போடுவதில்லை.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "உனக்குக் கஷ்டமா இல்லியாமா?" சிரித்தாள்.

"மீனுன்னா செவுளத் தூக்கிப் பாத்துட்டு மணிக்கணக்கா பேரம் பேசுறாளுங்க. இதுக்கு ஒருத்தியாவது வாயத் தொறக்கறாளா பாரு."

ஊரை நன்றாக ஏமாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் படித்து முடித்தேன்.

4

படிப்பு முடிந்ததும் பினாங்கில் வேலை என்றார்கள், கப்பல் ஏறிவிட்டேன். இங்கே கல்யாணமும் ஆயிற்று. அவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். காலையில் ஈயத் தூக்கோடு அவர் போவார், தோல் பையோடு நான் போவேன். கடைத்தெருவை "பாசார்" என்று சொல்ல நாக்கு பழகிவிட்டது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் அப்படிச் சொல்லிவிட்டு விழிக்கிறேன்.

அம்மாவை இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அழைத்துக்கொண்டேன். அதற்கு எத்தனை கையெழுத்து, எத்தனை முத்திரை. கப்பல் விட்டு இறங்கியதும் தொற்றுநோய் முகாமில் அடைத்துவைத்து அம்மை குத்தினார்கள். தொழில் என்ன என்று அதிகாரி கேட்டாராம். "மீனு விக்கிறது" என்று சொன்னாளாம். அவள் கூடையை இறக்கிவைத்துப் பல வருஷமாகியிருந்தது. முகாம் வாசலில் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன்: "இந்த ஊர்ல நீ எதையும் மிதிக்கக் கூடாது." சரி என்று தலையாட்டினாள்.

பிள்ளைகள் ஊரை மறந்துவிடுகிறார்கள் என்று இங்கிருந்து ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் புலம்புகிறார்கள். என் மகன் சேகரனுக்கும் பாதித் தமிழ்தான். பக்கத்து வீட்டுச் சீனத்தி பூசணிக்காயை எலும்போடு கொதிக்கவைத்து ரசம்போல ஒன்று செய்வாள். பூசணிக்கு மலாய்ப் பேர் குண்டூர். "அம்மா, குண்டூர் சூப்பு நல்லா இருக்கு, நீயும் செய்" என்று கிண்ணத்தை நக்குகிறான். பூசணிக்காய் என்றால் சாப்பிடுகிற பொருள் என்று மட்டும் தெரிந்த ஒரு பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குப் புலம்பல் ஒன்றும் இல்லை.

மளிகைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோயில் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். தமிழர் வீடுகள் என்னை அழைப்பது பெரும்பாலும் அவர் வாய்ச்சொல்லால். அவரைப் பகைத்தால் என் பைக்கு வேலை இருக்காது. தெரிந்துதான் காப்பியை வைத்துவிட்டு வந்தேன்.

5

அம்மாவிடம் சொன்னால் சேர்ந்து சிரிக்கலாம் என்று நினைத்தேன். கடல் தாண்டி வந்தும் பைத்தியக்காரர்கள் விடவில்லை பார் என்று ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொடியில் கிடந்த நல்ல புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"ரிக்‌ஷா எத்தினி மணிக்கு வருது?"

"எந்த ரிக்‌ஷாவும் வராது. நீ போகப் போறதில்ல."

"பச்சப்புள்ள கீற வூடுடி. நீ கையில வாங்கின புள்ள."

"அது அழுவுன காய்மா. ஈ மொய்க்குது. தூக்கிப் போட்டுட்டு பினாயில் ஊத்தினா தீந்துது."

"ஒனக்கு அவ்ளோதான்."

"ஒனக்கு?"

புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அழுவுன நாத்தம் மீன்காரிக்கு நீ சொல்லிக் குடுக்கறியா? எது அழுவுனது, எது அதுல ஏறிக்கினு கீதுன்னு எனக்குத் தெரியும். வக்கீல் வூட்டுப் புள்ள ஜொரம், நாயுடு வூட்டு மருமவளுக்கு கலைஞ்சது, ஐயரு வூட்டுக் கொழந்த மாந்தம், அல்லாம் இங்கதான் கீது." மார்பைத் தொட்டுக் காட்டினாள். "ஒண்ணும் எறங்கல."

"நீ அவங்கள ஏமாத்துறன்னு இல்ல நான் நெனச்சேன்."

"சாமி விசயத்துல ஏமாத்துவாங்களா?"

"நம்பிக்கினேவா மிதிச்ச? அப்ப ஏன் மிதிச்ச?"

"நீ படிக்கணும்னு சொன்னியே" என்றாள், அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். மடியில் கிடந்த புடவையை நீவிக்கொண்டே சொன்னாள்: "அதான் அன்னியிலேர்ந்து ஒன்ன தொடல. ஒன் புள்ளயும் தூக்கல. ஒட்டிக்கினா இன்னா பண்றது?"

நான் எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். வக்கீல் வீட்டு எலுமிச்சம்பழத்துக்குப் பிறகு அவள் என் தலையில் எண்ணெய் வைத்ததில்லை. பக்கத்துக் குடிசை அத்தைதான் வைத்தாள். கப்பல் ஏறிய அன்று எட்டி நின்று அழுதாள். இங்கே வந்தபிறகு சேகரன் மடியில் ஏறப் போனால் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். குப்பத்துப் பெண்களுக்குக் கொஞ்சத் தெரியாது என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

மயிலாப்பூரில் இதைப் படிக்கப் போகிற அம்மாக்களே, உங்கள் பிள்ளைகள் சுகமாக இருக்கட்டும். நீங்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைத்தான் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்டவள் அன்றிலிருந்து பெற்ற மகளைத் தொடாமல் இருந்தாள். எழுதும்போதே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

6

சனிக்கிழமை காலையில் ரிக்‌ஷா வருவதற்கு முன்னால் நான் போனேன். வாளி, அரிவாள், பினாயில் பாட்டில். என்னைப் பார்த்ததும் வீட்டில் இருந்தவர்கள் உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். முக்காலியில் ஏறிக் கயிற்றை அறுத்தேன். காய் வாளியில் விழவில்லை. என் கையிலேயே உடைந்து, முழங்கை வழியாக ஜாக்கெட்டுக்குள் வழிந்தது. புழு இருந்தது. வாந்தியை அடக்கிக்கொண்டு அள்ளிப் போட்டு, எலுமிச்சையையும் கற்றாழையையும் பிடுங்கி, படியைத் தேய்த்துக் கழுவி, எல்லாவற்றையும் முனிசிபாலிட்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன்.

கை கழுவிவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டத் திரும்பி வந்தேன். மளிகைக்காரரின் தாயார் குறுக்கே நின்றார். "ரொம்ப உபகாரம் நர்ஸம்மா. ஆனா இனிமே புள்ளையத் தொட வேண்டாம். வேற ஆள் பாத்துக்கறோம்." நான் எதிர்பார்த்ததுதான். இதை எழுதுகிறபோது இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சீனர் வீடுகளில் பிள்ளை பிறக்காமலா போகும், பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பின்கட்டுக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்றம் எனக்கு முன்னால் போயிருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தாள். என் ஜாக்கெட்டையும் கையையும் வெகுநேரம் பார்த்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீயே வாங்கிக்கினு வந்துட்டியா?"

"வாங்கிக்கினு வந்துட்டேன்."

"அடிப்பாவி" என்றாள். தலையில் அடித்துக்கொண்டாள். குழாயைத் திறந்துவைத்துவிட்டு நின்றாள். அப்புறம், "இனிமே ஒனக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்" என்று முனகிக்கொண்டே என் இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தண்ணீரில் வைத்தாள்.

சாம்பல் எடுத்துத் தேய்த்தாள். முழங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று ஒன்றையும் விடவில்லை. அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. அது எப்படி இருக்கும் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. எத்தனை பேர் எத்தனை பழத்தைச் சுற்றி எங்கள் இரண்டு பேரையும் இப்படிப் பிரித்து வைத்தார்கள் என்று நினைத்து ஆத்திரத்தில் அழுதேன். நாற்றத்தால் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு சேகரன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். அம்மா என் கையை விடாமலே அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அங்கியே நில்லுடா ராஜா" என்றாள். "கிட்ட வராத."